பறக்கக் கற்பதன் விலை: ஹாலே வட்டாரத்தில் ஒரு நூற்றாண்டு

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாலே ஆற்றங்கரையில் அமைந்த ஹாலே நகரம் தமிழ் வாசகருக்குத் தரங்கம்பாடியின் வழியாகவே பெரிதும் அறிமுகமானது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு இந்நகரின் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவருக்குப் பின்பலமாக நின்ற ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, 1698இல் தாம் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லத்தையும் அதைச் சுற்றி எழுந்த பள்ளிகளையும் நடத்துவதற்கு ஒரு தனி ஏற்பாட்டைக் கையாண்டார். கையில் காசில்லாத பல்கலைக்கழக மாணவருக்கு நிறுவனத்தின் உணவுக்கூடத்தில் இலவசச் சாப்பாடு கிடைக்கும்; அதற்கு ஈடாக அவர் நாள்தோறும் சில மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். ஏறக்குறைய இதே நியாயம்தான் ஜெர்மானிய நகரங்களின் கைவினைக் குழுமங்களிலும் நிலவியது. தொழில் பழகவரும் பையனின் தந்தை ஆசானுக்குக் கற்பிப்புக் கட்டணம் செலுத்துவார். செலுத்த வசதியில்லாத வீட்டுப் பையன் கூடுதல் ஆண்டுகள் பட்டறையில் உழைத்து அதைக் கழிப்பான்.

இவ்வழக்கத்தில் அடங்கிய கணக்கு எளியது: கற்பதற்கு ஆகும் செலவு ஒருபோதும் இல்லாமற் போவதில்லை; பணமாகவோ, உழைப்பாகவோ, வாழ்நாளின் ஆண்டுகளாகவோ, கீழ்ப்படிதலாகவோ அது யாரோ ஒருவரால் செலுத்தப்பட்டே தீரும். இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய தொழில்களுள் இந்தக் கணக்கை மிக வெளிப்படையாகக் காட்டுவது விமானித் தொழில். ஒரு மணி நேரப் பறத்தலுக்கான எரிபொருள், இயந்திரத் தேய்மானம், பயிற்றுநரின் ஊதியம் ஆகிய அனைத்தும் கற்பவர் சம்பாதிக்கத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே செலவாகிவிடுவதால், அச்செலவை யார் முன்கூட்டி ஏற்பது என்ற கேள்வி இத்தொழிலில் தப்பிக்க முடியாததாக இருக்கிறது. ஹாலேயும் அதைச் சூழ்ந்த வட்டாரமும் 1908 முதல் இன்றுவரை இக்கேள்விக்குக் கிடைத்த விடைகள் பெரும்பாலானவற்றைக் கண்டிருக்கின்றன. அவ்விடைகளை வரிசையாக நோக்கும்போது, ஒவ்வொரு காலத்திலும் மாறியது செலவின் அளவைவிட, வேலை கிடைக்காமல் போனால் நட்டம் யார் தலையில் விழும் என்பதே என்று தெரியவரும்.

கட்டணமும் கொடையும்

ஹாலேக்கு வடக்கேயுள்ள மாக்டெபூர்க் நகரில் 1908 அக்டோபரில் ஹான்ஸ் கிராடே என்னும் பொறியாளர் தாமே கட்டிய மூவடுக்குச் சிறகு விமானத்தில் தரையைவிட்டு எழுந்தார். மறுஆண்டு பெர்லின் யோகானிஸ்தால் திடலில் 40,000 மார்க் மதிப்புள்ள லான்ஸ் பரிசை அவர் வென்றார். பின்னர் போர்க் என்னும் சிற்றூரை ஒட்டிய வெட்டவெளியில் விமானப் பட்டறையும் பறத்தல் பள்ளியும் அமைத்தார். ஜெர்மனியில் வழங்கப்பட்ட விமானி உரிமங்களுள் இரண்டாம் எண் அவருடையது. அக்காலப் பள்ளிகள் பெரும்பாலும் விமானம் கட்டி விற்பவர்களின் துணைத்தொழிலாகவே இருந்தன. மாணவர் கற்பிப்புக் கட்டணத்தோடு, பயிற்சியின்போது விமானம் உடைந்தால் ஈடுசெய்வதற்கென ஒரு முன்பணத்தையும் கட்ட வேண்டியிருந்தது. காற்று அடங்கியிருக்கும் விடியலிலும் மாலையிலும் மட்டுமே பறக்க முடிந்த அந்த மெல்லிய இயந்திரங்களில், திடலோரம் காத்திருக்கும் நாட்களுக்கான உணவும் உறைவிடமும்கூட மாணவரின் செலவே. இரு கம்பங்களைச் சுற்றி எட்டு வடிவில் பறந்து, குறித்த இடத்தருகே இறங்கிக் காட்டுவதே உரிமத் தேர்வு. அதில் தேறியவருக்குக் காத்திருந்த வேலை என்று எதுவும் இல்லை; கண்காட்சிப் பறத்தலும் பரிசுப் போட்டியுமே வருமானத்துக்கு வழியாக இருந்தன. ஆகவே முதல் தலைமுறை விமானிகளுள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும், விமானத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தபடி கற்றுக்கொண்ட இயந்திரப் பணியாளர்களும் மிகுதியாக இருந்ததில் வியப்பில்லை.

1912இல் இந்நிலையை மாற்றும் முயற்சியாக ‘தேசியப் பறத்தல் கொடை’ என்ற பெயரில் நாடு தழுவிய நிதி திரட்டல் நடந்தது. பிரஷ்ய இளவரசர் ஹைன்ரிஷ் அதன் புரவலராக இருந்தார். பள்ளிகளும் சங்கங்களும் நகராட்சிகளும் பொதுமக்களும் வழங்கிய தொகை 70 லட்சம் மார்க்கைத் தாண்டியது. விமானிகளைப் பயிற்றுவிப்பது, தொலைதூரப் பறத்தலுக்குப் பரிசளிப்பது, விபத்தில் சிக்குவோருக்குக் காப்பீடு ஏற்படுத்துவது ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. பயிற்சிச் செலவு இவ்வாறு பொதுப்பணத்தின் மேல் ஏற்றப்பட்டபோது, அதன் நோக்கம் கற்பவரின் வாழ்க்கைத்தொழிலாக இருக்கவில்லை. போர் மூண்டால் அழைத்துக்கொள்ளத்தக்க விமானிகளின் இருப்பைப் பெருக்குவதே குறிக்கோள் என்பதைத் திரட்டியவர்கள் மறைக்கவுமில்லை.

ஹாலேயின் மண்ணில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை அந்தப் பேரத்தின் முழு வடிவத்தையும் காட்டுகிறது. இன்று நகரின் ஒரு பகுதியாகிவிட்ட கீபிஷென்ஷ்டைனில் 1891 மே 19 அன்று பிறந்த ஓஸ்வால்ட் போல்க்கே ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். பிள்ளைகள் பலருள்ள அந்த வீட்டின் வருமானத்தில் தனியார் பறத்தல் பள்ளியின் கட்டணத்தை நினைத்துப் பார்ப்பதும் கடினம். 1911இல் அவர் கோப்லென்ஸ் நகரிலிருந்த தந்திப் படைப்பிரிவில் சேர்ந்தார். 1914இல், ஜெர்மன் பிரிஸ்டல் நிறுவனத்தின் பள்ளி இயங்கிய ஹால்பர்ஷ்டாட்டில் படையின் செலவிலேயே விமானிப் பயிற்சி பெற்று, போர் தொடங்கிய ஆகஸ்ட் மாதத்தில் தேர்வில் தேறினார். வான்போரின் விதிகளை முதன்முதலில் தொகுத்தவர் என்று பெயர் பெற்ற அவர், 40 விமானங்களை வீழ்த்தியபின், 1916 அக்டோபர் 28 அன்று தம் அணியைச் சேர்ந்த மற்றொரு விமானத்தோடு நேர்ந்த மோதலில் 25ஆம் வயதில் இறந்தார். ஆசிரியரின் மகனுக்குக் கட்டணமின்றிக் கிடைத்த கல்விக்கு அரசு கேட்ட ஈடு இரண்டே ஆண்டுகளில் முழுமையாகச் செலுத்தப்பட்டுவிட்டது.

உழைப்பே கட்டணம்

1919இன் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனி வான்படை வைத்திருப்பதைத் தடைசெய்தது. குடிமக்கள் பயன்படுத்தும் விமானங்களைக் கட்டுவதற்கும் 1926 வரை பல வரம்புகள் நீடித்தன. இத்தடையின் இடுக்கில் வளர்ந்ததுதான் கிளைடர் எனப்படும் இயந்திரமில்லா விமானத்தின் கலை. ஆஸ்கர் உர்சினுஸ் 1920இல் ரோன் மலைப்பகுதியின் வாசர்குப்பே குன்றில் நடத்திய முதல் போட்டிக்குப் பின், நாடெங்கும் கிளைடர் சங்கங்கள் முளைத்தன. எரிபொருள் தேவையில்லை என்பதால் இது மலிவானது என்று தோன்றினாலும், அதன் உண்மையான பொருளாதாரம் வேறிடத்தில் இருந்தது. சங்கத்துக்குச் சொந்தமான கிளைடரை உறுப்பினர்களே மரச்சட்டமும் துணியும் பசையும் கொண்டு குளிர்கால மாலைகளில் கட்டினார்கள்; கோடையில் பறக்கும் உரிமை அந்த மாலைகளில் செய்த வேலையால் ஈட்டப்பட்டது.

பறத்தல் திடலிலும் அதே முறை தொடர்ந்தது. பயிற்சிக் கிளைடர் என்பது திறந்த மரச்சட்டத்தின் முனையில் பொருத்திய ஒற்றை இருக்கை. பயிற்றுநருக்கு அதில் இடமில்லை என்பதால், மாணவர் முதல் நாளிலிருந்தே தனியாகத்தான் அதில் அமர்ந்தார். கிளைடரின் மூக்கிலிருந்து இரு பக்கமும் விரித்த ரப்பர்க் கயிற்றைச் சக மாணவர்கள் பிடித்துக்கொள்ள, பின்னால் ஒருவர் வாலைப் பற்றிக்கொள்வார். இழு, ஓடு, விடு என்ற மூன்று கட்டளைகளில் கயிறு விறைத்து, சரிவை நோக்கிக் கிளைடர் எகிறும். முதல் நிலைச் சான்றுக்கு வேண்டியது 30 விநாடி நேர்ப்பறத்தல். அந்த அரை நிமிடத்துக்காக ஏறக்குறைய பத்துப் பேர் இழுத்து ஓடி, இறங்கிய கிளைடரை மறுபடியும் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தனர். ஒருவர் பறக்க மற்றவர் உழைப்பதும், முறை மாறும்போது பறந்தவர் மற்றவருக்காக இழுப்பதும் ஆகிய இந்தக் கைமாற்று இல்லாமல், மாதச் சந்தா மட்டும் கட்டும் தொழிலாளியின் மகனுக்கோ கல்லூரி மாணவருக்கோ பறத்தல் எட்டியிருக்காது.

ஊதியம் தரும் விமானிப் பணி இதே காலத்தில்தான் உருவானது. 1926 ஜனவரியில் லுஃப்தான்சா நிறுவனம் தோன்றியது. அதற்குத் தேவையான விமானிகளை உருவாக்க 1925இல் பெர்லினின் ஷ்டாக்கன் திடலில் தொடங்கப்பட்ட ஜெர்மன் போக்குவரத்து விமானிப் பள்ளி, பின்னர் பிரவுன்ஷ்வைக்கைத் தலைமையிடமாகக் கொண்டது. ஹாலே, லைப்சிக் ஆகிய இரு நகரங்களுக்கும் பொதுவான விமான நிலையம் 1927 ஏப்ரல் 18 அன்று, இரண்டுக்கும் இடையிலுள்ள ஷ்காய்டிட்ஸில் திறக்கப்பட்டது. அதன் ஓடுதிடலிலிருந்து எழுந்த பயணி விமானங்களைப் பார்த்த இளைஞருக்கு, விமானி என்பது மாதச் சம்பளம் வாங்கும் பதவியாக முதன்முதலில் தோன்றியிருக்கும். ஆனால் அப்பதவிக்கான வாயில் மிகக் குறுகியது. அரசுப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிதியில் நடந்த அப்பள்ளியில், பின்னாளில் போர்விமானியாகப் பெயரெடுத்த அடோல்ஃப் கலாண்ட் சேர்ந்த 1932இல், ஏறக்குறைய 4,000 பேர் விண்ணப்பித்து 20 பேர் அளவிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டனர். உள்ளே நுழைந்தவர்களுக்கும் ஒரு மறைவான நிபந்தனை இருந்தது: போக்குவரத்து விமானிப் பயிற்சி என்ற திரைக்குப் பின்னால் தடைசெய்யப்பட்ட வான்படைக்கான ஆட்களும் அங்கே உருவாக்கப்பட்டனர், அவர்களிற் சிலர் சோவியத் நாட்டின் லிப்பெட்ஸ்க் நகரில் இரகசியமாக இயங்கிய ஜெர்மன் தளத்துக்கு அனுப்பப்பட்டனர்.

அப்பள்ளியின் வாயில் திறக்காதவர்கள், குறிப்பாகப் பெண்கள், சொந்தப் பணத்தையே நம்ப வேண்டியிருந்தது. 1907இல் ஹனோவரில் பிறந்த எல்லி பைன்ஹோர்ன், அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த ஹெர்மன் கோல் ஆற்றிய உரையை 1928இல் கேட்டபின், தமக்கு வந்த மரபுரிமைச் சொத்தைக் கொண்டு ஷ்டாக்கனில் பறக்கக் கற்றார். உரிமம் கிடைத்தபின் வார இறுதிகளில் வானில் கரணமடிக்கும் காட்சிகள் நடத்தி விமானச் செலவை ஈடுகட்டினார். 1931 முடிவில் கிளம்பி இந்தியா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா வழியாக உலகைச் சுற்றி முடித்தபோது புகழோடு சுமார் 15,000 மார்க் கடனும் அவரிடம் சேர்ந்திருந்தது. ஹிண்டன்பர்க் கோப்பையோடு கிடைத்த 10,000 மார்க் பரிசே அவரைக் கரையேற்றியது. 1928இல் லுஃப்தான்சாவில் துணைவிமானியாகப் பறந்த மார்கா ஃபோன் எட்ஸ்டோர்ஃபும் குடும்பப் பணத்தின் துணையால்தான் அந்நிலைக்கு வந்தவர். பயிற்சியை முடித்தபின்னும் பெண்களுக்கு நிலையான பணி மறுக்கப்பட்டதால், அவர்களது முதலீட்டைத் திருப்பித் தரக்கூடியவை சாகசமும் விளம்பரமும் மட்டுமாகவே இருந்தன.

இந்தியாவில் இதே ஆண்டுகளில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. 1928ஐ ஒட்டி டெல்லி, பம்பாய், கராச்சி, வங்காளம் ஆகிய இடங்களின் பறத்தல் சங்கங்களுக்கு இந்திய அரசு மானியமும் மாத் வகை விமானங்களும் வழங்கியது. சற்றே பிந்திச் சென்னையிலும் சங்கம் தோன்றியது. ஜே. ஆர். டி. டாட்டா 1929 பிப்ரவரியில் பெற்ற உரிமம் இத்தகைய சங்கத்தில் கற்றதன் பயன். எனினும் மானியத்துக்குப் பிறகும் ஒரு மணி நேரப் பறத்தலின் கட்டணம் நடுத்தர வருமானத்துக்கு மீறியதாகவே இருந்ததால், இந்தியச் சங்கங்கள் செல்வர், உயர் அதிகாரிகள், சமஸ்தானக் குடும்பத்தினர் ஆகியோரின் வட்டமாக நெடுநாள் நீடித்தன. ஜெர்மன் கிளைடர் சங்கங்களைப் போலப் பணத்தின் இடத்தில் உழைப்பை வைக்கும் வழக்கம் இங்கு வேரூன்றவில்லை.

இலவசத்தின் விலை

1933 மார்ச்சில், நாஜி அரசு பதவியேற்ற சில வாரங்களிலேயே, எல்லாப் பறத்தல் சங்கங்களும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. உறுப்பினர்கள் தங்கள் கையால் கட்டிய கிளைடர்களும் கொட்டகைகளும் அவர்களது விருப்பத்தைக் கேளாமலே கைமாறின. 1937இல் அவ்வமைப்பின் இடத்தில் தேசிய சோஷலிசப் பறத்தல் படை நிறுவப்பட்டது. ஹிட்லர் இளைஞர் அமைப்பின் பறத்தல் பிரிவில் பதின்வயதுப் பையன்கள் மாதிரி விமானம் செய்வதில் தொடங்கி, கிளைடர் சான்றுகளை ஒவ்வொன்றாகக் கடந்து, வான்படையின் வாசல்வரை செலவின்றிக் கொண்டுசெல்லப்பட்டனர். அதற்கு முன் ஜெர்மனியில் எந்த அரசும் இவ்வளவு பேருக்கு இவ்வளவு தாராளமாகப் பறத்தலைக் கற்பித்ததில்லை. கற்றவர்களிடமிருந்து இவ்வளவு முழுமையாக ஈடு கேட்டதுமில்லை.

இக்காலத்தில் ஹாலே பயிற்சிக் கருவிகளை உற்பத்தி செய்யும் நகரமாக மாறியது. எடை குறைந்த விமானங்களால் புகழ்பெற்ற ஹான்ஸ் கிளெம் 1934இல் இங்கு ஒரு கிளைத் தொழிற்சாலையை நிறுவினார். 1937இல் அது ஃபிரிட்ஸ் ஸீபலின் கைக்கு மாறி அவர் பெயரைத் தாங்கியது. அங்கு உருவான இரட்டை இயந்திர விமானத்துக்கு, ஹாலேயின் பழைய உப்புக் காய்ச்சுவோர் குழுமத்தாரின் பெயரான ‘ஹல்லோரே’ என்பதே சூட்டப்பட்டது. அதையடுத்து வந்த ‘ஹும்மல்’ என்னும் சிறு விமானத்தில் மாணவரும் பயிற்றுநரும் அருகருகே அமர்ந்தனர். தவற்றைக் கண்ட கணத்திலேயே பயிற்றுநர் கைநீட்டித் திருத்த முடிந்தது. போர்க்காலத்தில் இத்தொழிற்சாலை வடிவமைத்த ஸீபல் 204, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் ‘குருட்டுப் பறத்தல்’ பயிற்சிக்கும் வானொலிப் பயிற்சிக்கும் பயன்பட்டது. தேவை பெருகியதால் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சிலும் செக் நிலத்திலும் அது கட்டப்பட்டது. நகரின் மேற்கோரத்தில் நீட்லேபனை ஒட்டித் தரைப்படைக்கும் வான்படைக்கும் உரிய தகவல்தொடர்புப் பள்ளி ஒன்றும் எழுந்தது.

1944இல் புகன்வால்ட் வதைமுகாமின் கிளை ஒன்று ஹாலேயின் மோட்ஸ்லிஹ் பகுதியில் பிர்க்ஹான் என்ற பெயரில் அமைக்கப்பட்டு, ஸீபல் தொழிற்சாலையில் கைதிகளிடம் கட்டாய வேலை வாங்கப்பட்டது. பயிற்சிபெறும் இளைஞருக்குக் கட்டணமில்லை என்றபோது அக்கட்டணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இதைவிடக் கடுமையான விடை ஹாலேயின் வரலாற்றில் இல்லை. ஒரு பகுதியை அந்த இளைஞர் தம் உயிரால் செலுத்தினார். மறு பகுதியை, பறத்தலோடு எந்தத் தொடர்பும் இல்லாத, விருப்பம் கேட்கப்படாத மனிதர்கள் செலுத்தினார்கள்.

கட்சியின் பரிந்துரை

போருக்குப் பின் சோவியத் ஆட்சிப்பகுதியில் சேர்ந்த ஹாலேயிலிருந்து, 1946 அக்டோபரில் ஸீபல் தொழிற்சாலையின் வல்லுநர் குழு குடும்பங்களோடு மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள பொத்பெரேஸ்யேவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நகரின் விமானத் தொழில் அத்துடன் முடிவுக்கு வந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு 1952 ஆகஸ்டில் ‘விளையாட்டு, தொழில்நுட்பச் சங்கம்’ என்ற அமைப்பை ஏற்படுத்தி, கிளைடர் பறத்தல், பாராசூட்டில் குதித்தல், இயந்திர விமானப் பயிற்சி ஆகிய அனைத்தையும் அதன்கீழ் வைத்தது. உறுப்பினர் செலுத்திய சந்தா பெயரளவானது. விமானமும் எரிபொருளும் பயிற்றுநரும் அரசின் பொறுப்பு. பணத்தடை இவ்வாறு அகன்ற இடத்தில் வேறு தடைகள் எழுந்தன. அரசியல் நம்பகம் ஆராயப்பட்டது. மேற்கு ஜெர்மனியில் நெருங்கிய உறவினர் இருப்பதும் குறையாகக் கருதப்பட்டது. படையில் நீண்டகாலம் பணிபுரிய முன்வந்தவருக்கு முன்னுரிமை தரப்பட்டது. விமானம் எல்லை தாண்டும் கருவியும் ஆகும் என்பதால், அதைக் கற்பிப்பவர்கள் கற்பவரின் திறமையோடு அவரது மனத்தையும் எடைபோட்டனர்.

இத்தேர்வுகளைக் கடந்து குடிமக்கள் விமான நிறுவனமான இன்டர்ஃப்ளூக்கில் சேர்ந்தவர் கடன் ஏதுமின்றிப் பணியைத் தொடங்கினார். அந்நிறுவனம் பயணிகளை ஏற்றியதோடு கூட்டுப்பண்ணைகளின் வயல்களுக்கு மருந்தும் உரமும் தூவியதால், வேளாண் பறத்தலிலும் விமானிகளுக்கு நிலையான வேலை இருந்தது. கற்றவருக்கு வேலை உறுதி, வேலைக்கு வேண்டியவர் மட்டுமே கற்பார் என்ற இந்த இறுக்கமான பிணைப்பு, அரசு நிலைத்திருந்தவரை யாருக்கும் கடனையோ வேலையின்மையையோ தரவில்லை. 1990இல் அரசு மறைந்து, 1991 ஏப்ரல் 30 அன்று இன்டர்ஃப்ளூக்கின் கடைசி விமானம் தரையிறங்கியபோது அப்பிணைப்பு முழுதாக அறுந்தது. சோவியத் விமானங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருந்தவர்கள், மேற்கத்திய நிறுவனங்களின் விமான வகைகளுக்குப் புதிதாகத் தகுதிச்சான்று பெற வேண்டிய நிலையில் நின்றனர். நடுவயதில், அதுவரை தாங்கள் பார்த்திராத பயிற்சிக் கட்டணம் என்னும் ஒன்றை அவர்கள் முதன்முறையாக எதிர்கொண்டனர்.

கடனும் வரியும்

மேற்கு ஜெர்மனியில் 1955இல் மீண்டும் பறக்கத் தொடங்கிய லுஃப்தான்சா, மறுஆண்டே பிரேமன் நகரில் தனக்கென விமானிப் பள்ளியை அமைத்தது. பல பத்தாண்டுகள் செலவின் பெரும்பகுதி நிறுவனத்தைச் சேர்ந்தது. தேர்வில் தேறிய மாணவருக்கு வேலை ஏறத்தாழ உறுதி. காலப்போக்கில் மாணவர் ஏற்க வேண்டிய பங்கு உயர்ந்தது. 2015 மார்ச்சில் ஆல்ப்ஸ் மலையில் துணைவிமானி வேண்டுமென்றே மோதவிட்ட ஜெர்மன்விங்ஸ் விமானம் பற்றிய பிரெஞ்சு விசாரணை அமைப்பின் இறுதி அறிக்கை, இப்பள்ளியில் பயின்ற அந்தத் துணைவிமானிக்கு இப்பங்கு சுமார் 60,000 யூரோவாக இருந்ததையும் அதற்காக அவர் 41,000 யூரோ அளவுக்குக் கடன் வாங்கியிருந்ததையும் பதிவுசெய்கிறது. கடனே அச்செயலுக்குக் காரணம் என்று அவ்வறிக்கை சொல்லவில்லை. ஆனால் உடல்நலக் குறைவால் உரிமத்தை இழக்கும் விமானிக்குப் போதிய வருமானப் பாதுகாப்பு இல்லாதபோது, நோயை மறைக்கும் தூண்டுதல் வலுக்கிறது என்பதை அது சுட்டிக்காட்டியது. பயிற்சிச் செலவு தனிமனிதரின் சுமையாகும்போது அது அவரது வீட்டுக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை, பயணிகளின் பாதுகாப்போடும் தொடர்புடையது என்பது அதனால் தெளிவாயிற்று.

இச்சுமையை வரிச்சட்டம் எவ்வாறு பார்க்க வேண்டும் என்பது பற்றி ஜெர்மன் நீதிமன்றங்களில் நெடுங்காலம் வழக்குகள் நடந்தன. ஊதியம் ஈட்டுவதற்காகச் செய்யும் செலவை வருமானத்தில் முழுதும் கழித்துக்கொள்ளலாம், பின்வரும் ஆண்டுகளுக்கும் கொண்டுசெல்லலாம் என்பது பொதுவிதி. ஆனால் ஒருவரின் முதல் தொழிற்பயிற்சிக்கான செலவுக்கு அச்சலுகை கிடையாது; ஆண்டுக்கு 4,000 யூரோ, 2012 முதல் 6,000 யூரோ என்ற வரம்புக்குள், அந்தந்த ஆண்டின் வருமானத்தில் மட்டுமே அதைக் கழிக்கலாம். வருமானமே இல்லாத மாணவருக்கு அவ்வரம்பால் பயனில்லை. இந்நிலையில் விமானப் பணிப்பெண்ணாகப் பயிற்சி பெற்று வேலை பார்த்தபின் விமானியாகப் பயின்ற ஒருவரின் வழக்கில், பணிப்பெண் பயிற்சியே அவரது முதல் தொழிற்பயிற்சி, ஆகவே விமானிப் பயிற்சிச் செலவு முழுதும் கழிக்கத்தக்கது என்று 2013இல் கூட்டாட்சி நிதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாதப் பயிற்சி ஒன்றை முன்னால் சேர்த்துக்கொண்டால் பெருந்தொகையை மீட்கலாம் என்ற வழி இதனால் திறந்தது. நாடாளுமன்றம் 2015 முதல், முதல் பயிற்சி எனப்படுவது குறைந்தது 12 மாத காலம் முறையாக நடந்து தேர்வோடு முடிய வேண்டும் என்று திருத்தி அவ்வழியை அடைத்தது. விமானிகளும் தொடுத்திருந்த வழக்குகளில், 2019 நவம்பரில் கூட்டாட்சி அரசியல்சட்ட நீதிமன்றம், முதல் தொழிற்கல்வி ஆளுமை வளர்ச்சியும் ஆகும் என்பதால் அதன் செலவைத் தனிவாழ்வுச் செலவாகக் கருதுவது அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று முடிவுகூறியது. ஒரு குறிப்பிட்ட வேலையைத் தவிர வேறெதற்கும் உதவாத பயிற்சியை ஆளுமை வளர்ச்சியாகக் கருதும் இம்முடிவு, செலவின் சுமையைக் கற்பவர்மேலேயே இறக்கி வைத்தது.

இன்று ஷ்காய்டிட்ஸ் நிலையம் சரக்குப் போக்குவரத்தால் வாழ்கிறது. 2008இல் டிஹெச்எல் தன் ஐரோப்பிய மையத்தை இங்கு மாற்றியது. 2007இல் நிறுவப்பட்டு 2009இல் பறக்கத் தொடங்கிய ஏரோலாஜிக் சரக்கு நிறுவனமும் இதைத் தளமாகக் கொண்டது. இரவு முழுதும் எழுந்து இறங்கும் அந்தச் சரக்கு விமானங்களின் காக்பிட்டில் அமர விரும்பும் ஹாலே இளைஞருக்கு முன் இரு பாதைகள் உள்ளன. ஒன்று, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் எல்லாவற்றையும் தொடர்ச்சியாக முடிக்கும் முழுநேரப் பயிற்சி. அதற்கு ஒரு சிறு வீட்டின் விலையளவு பணம் முன்னதாக வேண்டும். 2020இல் பெருந்தொற்று விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது, இப்பாதையின் நடுவழியில் நின்ற நூற்றுக்கணக்கான மாணவர்கள், பயிற்சியைத் தொடங்கிய நாளில் இருந்த வேலைச்சந்தை முடிவதற்குள் மறைந்துபோகலாம் என்பதைக் கண்டனர்.

மற்றது, வேறு வேலை பார்த்துக்கொண்டே படிப்படியாகச் செல்லும் பாதை. ஐரோப்பிய விதிகளின்படி தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரமும், வணிக உரிமத்துக்கு 200 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். அவற்றுள் 100 மணி நேரம் தாமே விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்ததாக இருக்க வேண்டும். போக்குவரத்து விமானிக்குரிய 13 பாடத் தேர்வுகளையும் 18 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி, பகலில் வேலைக்குச் செல்பவரை மிகவும் நெருக்குவது. நகரின் வடகிழக்கேயுள்ள ஓப்பின் திடலைப் போன்ற சிறு விமானத் திடல்கள் இப்பாதையில் செல்வோருக்கு உதவுபவை. சனிக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரப் பறத்தல், அதற்கான தொகை அந்த மாதச் சம்பளத்திலிருந்து, மழை பெய்தால் அடுத்த வாரம் என்று நீளும் இப்பயிற்சிக்கு ஆண்டுகள் பல ஆகலாம். ஆனால் இடையில் மருத்துவத் தேர்வில் தோற்றாலும், விமான நிறுவனங்கள் ஆளெடுப்பை நிறுத்தினாலும், அவரிடம் கடனின்றி ஒரு வேலை இருக்கும்.

ஜெர்மன் கிளைடர் சங்கங்களின் பழைய வழக்கமும் இப்பாதையோடு இணைந்து உயிர்வாழ்கிறது. பயிற்றுநர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட மணி நேரம் பட்டறையிலும் திடலிலும் வேலை செய்ய வேண்டும், செய்யத் தவறினால் அந்நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். 14 வயதில் தனியாகக் கிளைடரில் பறக்கவும் 16 வயதில் உரிமம் பெறவும் விதி இடமளிப்பதால், பள்ளிப் பருவத்திலேயே மிகச் சிறு செலவில் பறத்தலின் அடிப்படையைக் கற்றுவிட முடிகிறது. தமக்கு இத்தொழில் பொருந்துமா என்பதைப் பெருந்தொகையைப் பணயம் வைக்குமுன் அறிந்துகொள்ளும் வாய்ப்பே அதன் முதன்மையான பயன்.

இந்த ஒரு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், பயிற்சிச் செலவை ஏற்ற ஒவ்வொரு கையும் அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டது தெரிகிறது. பேரரசின் படை உயிரைக் கேட்டது, கட்சி பணிவைக் கேட்டது, நிறுவனம் பணிக்காலத்தைக் கேட்டது, வங்கி வட்டியைக் கேட்கிறது. தம் பணத்தில் கற்பவர் இவற்றிலிருந்து விடுபட்டவர் என்றாலும், உடல்நலமும் வேலைச்சந்தையும் பொய்த்தால் வரும் நட்டத்தைத் தாங்க அவரன்றி வேறு ஆளில்லை. இவற்றுள் கிளைடர் சங்கத்தின் வழி ஒன்றில்தான் கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே வரிசையில் நின்று செலவையும் நட்டத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றனர். பிராங்கேயின் உணவுக்கூடத்தில் உண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மாணவரின் நிலைக்கு அது மிக நெருக்கமானது. ஆயினும் அது ஒருவரைக் கிளைடர்வரை கொண்டுசெல்லுமேயன்றி, சரக்கு விமானத்தின் காக்பிட்வரை கொண்டுசெல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பைக் கற்பவரிடமே விட்டுவைக்கும் சமூகம், தன் வானத்தில் யார் பறக்கலாம் என்பதைத் திறமையைக் கொண்டன்றிக் குடும்பச் சொத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.